பக்கத்து வீட்டு வாசலில் அம்புலன்ஸ்

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இரவு எட்டு மணிக்கெல்லாம் கடைகள் அடைக்கப்பட்டு, சாலைகள் வெறிச்சோடிக் கிடந்த காலம். ஜூன் முதல் தேதியே நாடு முழுவதும் முடக்கம் தொடங்கியிருந்தது. அது போதாதென்று, ஜூலை 3 முதல் 16 வரை சிலாங்கூரின் பெரும்பகுதியிலும் கோலாலம்பூரின் சில வட்டாரங்களிலும் இன்னும் கடுமையான கட்டுப்பாடு. அந்த நாட்களில் தாமான்களில் வசித்த பலருக்கும் ஒரு புதுப் பழக்கம் வந்து சேர்ந்தது. அம்புலன்ஸ்களை எண்ணும் பழக்கம்!

"காலையில ஒன்னு, மத்தியானம் ரெண்டு, இப்ப இன்னொன்னு. இன்னிக்கு மட்டும் நாலு" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒருவர் சொல்வார். "நாலு இல்லக்கா, அஞ்சு. விடியக்காலையில ஒன்னு சத்தமே இல்லாம வந்துட்டுப் போச்சு" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். இரவில் அதே கணக்கு ருக்குன் தெத்தாங்கா வாட்சாப் குழுவில் ஏறும். எந்த லோரோங், எந்த வீடு, யாரை ஏற்றினார்கள் என்று கேள்விகள் வரிசை கட்டும்.

அன்று தெருவில் அம்புலன்ஸ்கள் உண்மையிலேயே அதிகமாகத்தான் ஓடினவா? அல்லது வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களின் காதுக்கு அப்படிப் பட்டதா? இரண்டும் உண்மை. ஆனால் இந்த இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் காது. சாதாரண நாளில் வேலைக்குப் போகும் ஒருவர் பத்து, பன்னிரண்டு மணி நேரம் தாமானில் இருப்பதே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தன் தெருவில் யார் வந்து போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அவரும் வீட்டில், பிள்ளைகளும் வீட்டில். வழக்கமாக வந்துபோகும் அம்புலன்ஸ்கூட அன்றுதான் முதன்முறையாகக் கண்ணில் பட்டது. சாலையும் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி வெறும் உணர்வல்ல. உலகெங்கும் நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவிகள், மனிதர்களின் போக்குவரத்தாலும் தொழிற்சாலைகளாலும் தரையில் எழும் அதிர்வையும் பதிவு செய்கின்றன. 2020ஆம் ஆண்டு முடக்க மாதங்களில் அந்த அதிர்வு 50 விழுக்காடு வரை குறைந்ததாக அறிவியலாளர்கள் அதே ஆண்டு வெளியிட்டார்கள். தரையே அவ்வளவு அடங்கிப் போயிருந்தபோது, கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒலிக்கும் சைரன் இரண்டு தாமான் தள்ளியிருப்பவருக்கும் கேட்பதில் வியப்பில்லை.

மனமும் ஒரு வேலை செய்கிறது. புதிதாக மைவி கார் வாங்கியவருக்குச் சாலை முழுவதும் மைவியாகத் தெரியும். அதற்கு முன்பும் அத்தனை மைவிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பயம் வந்த மனத்துக்கு அம்புலன்ஸும் அப்படித்தான்.

ஆனால் 2021இன் நடுப்பகுதியில் நடந்ததைக் காதின் மீதும் மனத்தின் மீதும் போட்டுவிட்டுப் போக முடியாது. நாட்டில் கோவிட்-19 முதன்முதலில் கண்டறியப்பட்டது 2020 ஜனவரி 25ஆம் தேதி. அந்த ஆண்டு டிசம்பர் முடியும்வரை இறந்தவர்கள் 471 பேர். 2021ஆம் ஆண்டு முடிந்தபோது அந்த எண்ணிக்கை 31 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஜூலை 13ஆம் தேதி ஒருநாள் தொற்று முதன்முறையாகப் பத்தாயிரத்தைக் கடந்தது. ஆகஸ்ட் 26ஆம் தேதி 24,599. தெருவில் நின்று எண்ணியவர்களின் கணக்கு வீண் கற்பனை அல்ல.

அதிகம் தெரிந்தன, குறைவாகக் கிடைத்தன

இங்கேதான் ஒரு முரண். தெருவில் அம்புலன்ஸ் அதிகம் தெரிந்த அதே வாரங்களில், அழைத்தவர்களுக்கு அம்புலன்ஸ் கிடைப்பது கடினமாக இருந்தது. "இத்தனை ஓடுது, நமக்கு ஒன்னு வரமாட்டேங்குதே" என்று அன்று பலர் கோபப்பட்டார்கள். ஓர் அழைப்பு வந்தால் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும்.

999க்கு அழைத்தால் முதலில் பேசுபவர் மருத்துவமனையில் இருப்பவர் அல்ல. போலீஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் என்று எல்லா அவசர அழைப்புகளையும் வாங்கிப் பிரித்து அனுப்பும் பொது மையத்தில் இருப்பவர். அவர் மருத்துவ அழைப்பை, மருத்துவமனையில் இயங்கும் ஒருங்கிணைப்பு மையத்துக்கு மாற்றிவிடுகிறார். அங்கே இருப்பவர் நோயாளியின் நிலையைக் கேட்டு, எது முதலில், எது பிறகு என்று தீர்மானித்து வண்டியை அனுப்புகிறார். வண்டியில் ஓட்டுநரும் உதவி மருத்துவ அதிகாரியும் இருப்பார்கள்.

வழக்கமான நாளில் அவர்கள் அழைப்பு வந்ததும் ஏறிப் புறப்பட்டுவிடுவார்கள். தொற்றுக் காலத்தில் முதலில் பாதுகாப்பு உடை அணியவேண்டும். முழு அங்கி, இரட்டைக் கையுறை, முகக்கவசம், கண் காப்பு. நம் ஊர் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு, மின்தூக்கி பழுதான அடுக்குமாடியின் நான்காம் மாடியிலிருந்து ஒருவரைத் தூக்கி இறக்குவது எப்படி இருந்திருக்கும் என்பதை அவரவரே நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நோயாளியை ஏற்றியாகிவிட்டது. மருத்துவமனைக்கும் வந்தாகிவிட்டது. உள்ளே படுக்கை இல்லை. நோயாளியை முறைப்படி ஒப்படைக்கும்வரை வண்டி அங்கேயே நிற்கவேண்டும். அவர் படுத்திருப்பது அம்புலன்ஸின் தள்ளுபடுக்கையில். அவர் குடித்துக்கொண்டிருப்பது அம்புலன்ஸின் ஆக்சிஜனை. விட்டுவிட்டுப் போக முடியாது.

ஒப்படைத்த பிறகும் வேலை முடிவதில்லை. உடையைக் கழற்றவேண்டும். கழற்றும்போதுதான் தொற்று ஒட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்பதால் அவசரப்பட முடியாது. வண்டியின் கதவுகளைத் திறந்துவைத்து, உள்ளே ஒவ்வோர் இடமாகக் கிருமிநாசினியால் துடைக்கவேண்டும். அதுவரை அந்த வண்டி அடுத்த அழைப்புக்குக் கிடைக்காது.

ஆக, ஒரே வண்டி ஒரு நாளில் முடிக்கக்கூடிய பயணங்கள் குறைந்துவிட்டன. ஒவ்வொரு பயணமும் நீண்டுவிட்டது. அருகிலுள்ள மருத்துவமனை நிறைந்திருந்தால் இன்னும் தூரமாகப் போகவேண்டும். நீண்ட நேரம் சாலையில் இருக்கும் வண்டி அதிகப் பேர் கண்ணில் படும். அதனால்தான் பார்த்தவர்களுக்கு நிறைய இருப்பதுபோலத் தெரிந்தது. காத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிந்தது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் பலவகை வண்டிகள் வந்தன. பொதுத் தற்காப்புப் படை, செயிண்ட் ஜான் அம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம், கட்டணம் வாங்கும் தனியார் வண்டிகள். தெருவில் நின்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்தார்கள். அதில் தவறில்லை. எல்லாவற்றிலும் ஆள் இருந்தார்கள்.

கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவு அந்த ஜூலையில் எப்படித் திணறியது என்பதற்குப் படங்கள் சாட்சி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆக்சிஜன் பெற்றவர்களை நாடே பார்த்தது. கிள்ளான், காப்பார், மேரு, பண்டமாரான், தெலுக் பங்ளிமா காராங் என்று இத்தனை வட்டாரத்தின் நோயாளிகளும் முதலில் தேடிப்போகும் பெரிய அரசு மருத்துவமனை அதுதான். அங்கே உள்ளே ஒரு படுக்கை காலியாகாமல், வாசலில் நிற்கும் அம்புலன்ஸ் ஒன்று காலியாகாது. சாலையில் ஓடிய வண்டிகளின் கதை, உண்மையில் படுக்கைகளின் கதை.

பையோடு ஏறியவர்கள்

இனி அந்த மூன்றாவது விஷயம். 2020இல் தாமானுக்கு வந்த அம்புலன்ஸும் 2021இல் வந்த அம்புலன்ஸும் ஒன்றல்ல.

தொற்றின் முதல் ஆண்டில் நம் நாடு எடுத்த முடிவு, தொற்று உறுதியான ஒவ்வொருவரையும் மருத்துவமனையில் அல்லது செர்டாங் மேப்ஸ் போன்ற தனிமைப்படுத்தும் மையத்தில் சேர்ப்பது என்பதாகும். இருமல்கூட இல்லாதவரும் போகவேண்டும். ஆகவே அன்று அம்புலன்ஸில் ஏறியவர்களில் பலர் தங்கள் காலில் நடந்துவந்து, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பேசிச் சார்ஜரை மறந்துவிட்டு மறுபடி உள்ளே ஓடிப்போய் எடுத்துவந்தவர்கள். அவர்கள் உயிருக்கு ஆபத்து இல்லை. மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்கவே அந்த ஏற்பாடு.

ஆனால் தெரு அதை அப்படிப் பார்க்கவில்லை. விண்வெளி வீரர்களைப்போல வெள்ளை உடையில் இருவர் வந்து இறங்கியதும் எதிர்வீட்டு மாடியில் கைப்பேசிகள் உயர்ந்தன. வீட்டு எண் தெரியும்படி எடுக்கப்பட்ட படங்கள், வண்டி கிளம்பும் முன்பே மற்ற தாமான்களுக்குப் போய்ச் சேர்ந்தன. "அந்த லோரோங் பக்கம் போகாதீங்க" என்று குரல்பதிவு. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடாதே என்று கண்டிப்பு. வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் கையில் கட்டிய இளஞ்சிவப்புப் பட்டையைக் கண்டால் கடைக்காரர் முகம் மாறியது. பட்டையோடு வெளியே சுற்றியவர்களைக் கண்டித்தது நியாயம். வீட்டோடு அடங்கி இருந்தவர்களைத் தூற்றியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நோய் வந்தவர் மீண்டு வந்துவிட்டார். அவமானம் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

2021 ஜனவரியில் நடைமுறை மாறியது. படுக்கைகள் போதாததால், அறிகுறி இல்லாதவர்களும் லேசான அறிகுறி உள்ளவர்களும் வீட்டிலேயே இருக்கலாம் என்றானது. கோவிட் நோயாளிகளை ஐந்து பிரிவாக வகுத்திருந்தார்கள். முதல் பிரிவு, அறிகுறியே இல்லாதவர்கள். இரண்டு, லேசான அறிகுறி. மூன்று, நுரையீரலில் அழற்சி. நான்கு, ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்கள். ஐந்து, சுவாசக் கருவி தேவைப்படும் அளவுக்கு மோசமானவர்கள். இந்த மாற்றத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரிவினரைப் பெரும்பாலும் அம்புலன்ஸ் தேடி வரவில்லை. அவர்கள் தாங்களே ஷா ஆலாம் மலாவாத்தி அரங்கம் போன்ற மதிப்பீட்டு மையங்களுக்குப் போய் வரிசையில் நின்றார்கள். தாமானுக்குள் அம்புலன்ஸ் நுழைந்தால் அது பெரும்பாலும் மூச்சு முட்டுகிறவருக்காக என்றாகிவிட்டது.

பொருள் மாறிவிட்டது. ஆனால் 2020இல் பார்த்த காட்சி எல்லார் மனத்திலும் அப்படியே இருந்தது. "அம்புலன்ஸ் வந்தா ஊரே பார்க்கும்" என்ற அந்த ஒரு நினைப்பு, அடுத்த ஆண்டு பல வீடுகளில் அழைப்பைத் தள்ளிப்போட வைத்தது.

இப்படிப்பட்ட உரையாடல் அந்த ஜூலையில் எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்!

"அப்பா, முகம் ஒரு மாதிரி இருக்கு. 999க்கு அடிச்சிடவா?"

"வேணாம்மா. எனக்கு ஒன்னும் இல்ல. மூச்செல்லாம் நல்லாத்தான் விடறேன். அம்புலன்ஸ் வந்து நின்னா பக்கத்துல என்ன நெனைப்பாங்க? காலையில பார்த்துக்கலாம்."

அந்தத் தந்தை பொய் சொல்லவில்லை. அதுதான் இந்த நோயின் கொடுமை.

மனிதனுக்கு மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைப் பெரும்பாலும் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு அல்ல. இரத்தத்தில் கரியமில வாயு சேர்வதுதான். மூச்சை அடக்கிப் பார்த்தால் அரை நிமிடத்தில் நெஞ்சு தவிப்பதற்குக் காரணம் அதுவே. கோவிட் நோயாளிகள் சிலருக்குத் தொடக்கத்தில் நுரையீரல் கரியமில வாயுவை வழக்கம்போல வெளியேற்றிக்கொண்டே இருந்தது. ஆக்சிஜனை உள்ளே வாங்குவதில் மட்டும் பழுது. எனவே அபாயமணி அடிக்கவில்லை. ஆக்சிஜன் அளவு கீழே போய்க்கொண்டிருக்கும், அவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். தேநீர் கேட்பார். எழுந்து கழிவறைக்குப் போவார். அங்கே விழுவார்.

2021இன் நடுப்பகுதியில் சுகாதார அமைச்சின் அன்றாட மரணக் கணக்கில் 'பி.ஐ.டி.' என்ற மூன்றெழுத்து மக்களுக்குப் பழக்கமானது. மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் முன்பே இறந்தவர்கள் என்று பொருள். அதில் எல்லாருமே வெட்கத்தால் தாமதித்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவ்வளவு வேகமாக நோய் முற்றியவர்கள் இருந்தார்கள். அழைத்தும் வண்டி வர நேரமானவர்கள் இருந்தார்கள். அதிகாரிகளுக்குப் பயந்து அறைக்குள்ளேயே கிடந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஆனால் "காலையில பார்த்துக்கலாம்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

அதே மாதங்களில்தான் வெள்ளைக்கொடி இயக்கமும் நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சமைக்க ஒன்றுமில்லாத குடும்பங்கள் வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டின. பார்த்தவர்கள் இனம் பார்க்காமல் அரிசியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார்கள். பசியை வெளியே சொல்ல ஒரு கொடி கிடைத்தது. நோயை வெளியே சொல்ல மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

விரல் நுனியில் ஒரு கருவி

வீட்டில் இருந்தவர்களுக்கு அன்று கைகொடுத்தது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். மருந்தகங்களில் விலை ஏறி, கிடைக்காமல்கூடப் போனது. இன்றும் பல வீடுகளில் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதைப் பற்றிச் சில செய்திகள் தெரிந்திருப்பது நல்லது.

நலமாக இருப்பவருக்கு அதில் 95 முதல் 100 வரை காட்டும். ஓய்வாக இருக்கும்போதே 95க்குக் கீழே இறங்கினால் மருத்துவ உதவியை நாடவேண்டும் என்பதுதான் அன்று சொல்லப்பட்ட எல்லை. உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டி, வீட்டுக்குள்ளேயே சற்று நடந்துவிட்டு வந்தால் மூன்று புள்ளியோ அதற்கு மேலோ சரிந்தால், அதுவும் எச்சரிக்கை. விரல் சில்லென்றிருந்தால் அளவு சரியாக வராது. நகப்பூச்சைத் துடைத்துவிட்டு மாட்டவேண்டும்.

இன்னொன்று, நம்மவர்களுக்கு மிக முக்கியமானது. இந்தக் கருவி தோல் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. தோல் கருமையாக இருந்தால் சிலநேரம் உண்மையான அளவைவிட அதிகமாகக் காட்டிவிடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி கண்டுபிடிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. ஆகவே கருவி 95 காட்டுகிறதே என்று, உதடு நீலம் பூத்து, பேச்சு குழறுகிறவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆளைப் பார்க்கவேண்டும், பிறகுதான் எண்ணை.

வாசலில் நின்ற ஒவ்வோர் அம்புலன்ஸும் கோவிட்டுக்காக வந்ததும் அல்ல. மாரடைப்பு, பக்கவாதம், பிரசவம் எதுவும் தொற்று முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் நம் சமூகத்தில் எத்தனை பேர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர்களில் ஒருவருக்குத் தொற்று வந்தால் வழக்கமான மையத்துக்குப் போக முடியாது. அப்படிப்பட்ட ஒருவருக்காக ஒரே வீட்டு வாசலில் ஒரே வாரத்தில் பலமுறை அம்புலன்ஸ் நிற்கவேண்டி வரும். தெரு அதைப் பார்த்து "அந்த வீட்டுல எல்லாருக்குமாம்" என்று முடிவு கட்டிவிடும்.

பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தவர்களின் கதையும் உண்டு. இத்தாலியின் லொம்பார்டி வட்டாரத்தில் 2020ஆம் ஆண்டு தொற்றின் முதல் நாற்பது நாட்களில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களின் எண்ணிக்கை அதற்கு முந்திய ஆண்டின் அதே நாட்களைவிட 58 விழுக்காடு உயர்ந்தது. அந்த உயர்வின் பெரும்பகுதி கோவிட் நோயாளிகள். ஆனால் நெஞ்சு வலித்தும் வீட்டிலேயே இருந்தவர்களும் இதில் இருந்திருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

சைரன் சொன்ன பழைய செய்தி

அம்புலன்ஸை எண்ணியவர்கள் இன்னொரு தவறும் செய்தார்கள். இன்று அதிகம் ஓடினால் இன்று தொற்று அதிகம் என்று நினைத்தார்கள். ஒருவருக்குக் கிருமி தொற்றி, அறிகுறி தெரிய நான்கைந்து நாள். அறிகுறி வந்து, நிலை மோசமாக மேலும் ஒரு வாரம். ஆகவே இன்று ஒலிக்கும் சைரன், ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன் நடந்த தொற்றின் எதிரொலி. அன்று யாரோ ஒருவர் தொழிற்சாலைப் பேருந்தில் உட்கார்ந்து வந்திருப்பார், யாரோ ஒருவர் சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பியிருப்பார். சைரன் கேட்டபிறகு கதவைச் சாத்துவது, மழை நின்றபின் குடை பிடிப்பதுபோலத்தான்.

அம்புலன்ஸ் அளப்பது தொற்றின் எண்ணிக்கையையும் அல்ல. 2022 மார்ச் 5ஆம் தேதி நாட்டில் ஒரே நாளில் 33,406 பேருக்குத் தொற்று பதிவானது. முந்திய ஆகஸ்டின் உச்சத்தைவிட அது மிக அதிகம். ஆனால் ஜூலைக் காட்சிகள் திரும்ப வரவில்லை. இடையில் 2021 அக்டோபர் 10ஆம் தேதிக்குள் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். வந்த கிருமியும் ஓமிக்ரோன் வகை. தொற்று வீட்டுக்கு வீடு நுழைந்தது. அம்புலன்ஸ் நுழையவில்லை.

அம்புலன்ஸுக்கென்று தனி எண் வைத்த அனுபவம் அண்டை நாட்டில் உண்டு. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது சிங்கப்பூரில் 993 என்ற எண்ணை அறிவித்தார்கள். காய்ச்சல் கண்டு சார்ஸ் என்று சந்தேகப்படுகிறவர், டாக்சியிலோ பேருந்திலோ போகாமல் அந்த எண்ணை அழைக்கவேண்டும். தனி வண்டி வந்து டான் டோக் செங் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும். அங்கே பாதிக்கப்பட்டவர்கள் 238 பேர், இறந்தவர்கள் 33 பேர். நம் நாட்டில் ஐந்தே பேருக்குத்தான் சார்ஸ் வந்தது. சிறிய எண்ணிக்கைக்குத் தனி வண்டி, தனி மருத்துவமனை என்று ஒதுக்க முடிந்தது. பத்தாயிரம், இருபதாயிரம் என்று போனால் எந்த ஏற்பாடும் திணறும்.

வாசல் வரை வந்த வழியனுப்பு

நம் வீடுகளில் 2021இன் அம்புலன்ஸ் விட்டுப்போன காயம் இன்னொன்று. நோயாளியோடு யாரும் ஏற முடியாது. மருத்துவமனையில் பார்க்க முடியாது. இறந்துவிட்டால் உடல் வீட்டுக்கு வராது. மருத்துவமனையிலிருந்து நேராக மின்சுடலைக்குப் போகும். குடும்பத்தில் ஓரிருவர் தள்ளி நின்று பார்க்கலாம். குளிப்பாட்டுவது, வாய்க்கரிசி, தெருமுனை வரை நடந்துபோவது எதுவும் இல்லை. அப்படியானால் கம்பிக் கதவருகே நின்று, தள்ளுபடுக்கை உள்ளே போவதைப் பார்த்த அந்த அரை நிமிடம்தான் பல குடும்பங்களுக்குக் கடைசிப் பார்வை. அந்த அரை நிமிடத்தில் எதிர்வீட்டில் கைப்பேசி உயர்ந்திருந்ததா, அல்லது யாராவது கைகூப்பி நின்றார்களா என்பது அந்தக் குடும்பத்துக்கு இன்றும் நினைவிருக்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அவசரநிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. அம்புலன்ஸ் நம் தெருவுக்கு வருவது முடியவில்லை. அடுத்த முறை வரும்போது அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியவை சிறிய காரியங்கள். ஆனால் நேரத்தை மிச்சப்படுத்துபவை.

நம் தாமான்களில் எல்லாச் சாலைக்கும் ஒரே பெயர், எண் மட்டும் வேறு. 5/3, 5/3ஏ, 5/3பி என்று இரவில் தேடி அலைவதே ஓட்டுநருக்குப் பெரும்பாடு. அழைக்கிறவர் முகவரியோடு, அருகில் உள்ள கோயில், பள்ளி, மாமாக் கடை என்று ஓர் அடையாளத்தையும் சொல்லவேண்டும். நோயாளி விழிப்போடு இருக்கிறாரா, மூச்சு எப்படி இருக்கிறது, வயது என்ன, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்பார்கள். கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று கோபப்பட்டு வைத்துவிடக் கூடாது. அந்தப் பதில்களைக் கொண்டுதான் எந்த அழைப்புக்கு முதலில் வண்டி போகவேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். அவர்கள் சொல்லும்வரை தொலைபேசியைத் துண்டிக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் கைவிளக்கோடு தெருமுனையில் போய் நிற்கலாம். லோரோங்கின் இருபக்கமும் கார் நிறுத்தியிருந்தால், வண்டி நுழைய வழியில்லாமல் தள்ளுபடுக்கையை நூறு அடி தள்ளிக்கொண்டு வரவேண்டியிருக்கும். தன் காரை எடுத்துவிட்டு, எதிர்வீட்டுக்காரரையும் எழுப்பி எடுக்கச் சொல்லவேண்டும். வாசல் விளக்கைப் போட்டு, கம்பிக் கதவின் பூட்டைத் திறந்து வைத்து, நாயைப் பின்பக்கம் கட்டிவிடவேண்டும். அடையாள அட்டையும் மருந்துப் பையும் கையில் இருக்கட்டும்.